நடுநிலையாக்கலில் நிகழ்வது யாது?

"அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும், இரண்டின் குணமும் அழிந்து நடுநிலை தோன்றும்." வேதியியலின் தொடக்க வகுப்புகளில் இவ்வாசகம் கரும்பலகையில் எழுதப்படுவது வழக்கம். கற்கத் தொடங்கும் மாணவர்க்கு இது பெரிதும் துணைபுரிகின்றது என்பதில் ஐயமில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், எரிசோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடையும் ஒரே செறிவில் எடுத்துச் சரிக்குச் சரியாகக் கலந்தால், எஞ்சுவது கறியுப்பு கரைந்த நீரே. அதில் நனைத்த லிட்மஸ் தாள், சிவப்பாயினும் நீலமாயினும், நிறம் மாறுவதில்லை.

ஆயின் அதே மாணவன், காடிக்குப் புளிப்பைத் தரும் அசெட்டிக் அமிலத்தை எரிசோடாவுடன் சரிக்குச் சரியாகக் கலந்து பார்ப்பானாயின், சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகின்றது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அம்மோனியாக் கரைசலுடன் அவ்வாறே கலந்தால், நீலத் தாள் சிவப்பை நோக்கிச் சாய்கின்றது. "நடுநிலை எங்கே?" என்று அவன் வினவினால் ஆசிரியர் கூறும் விடை யாது? "அளவில் தவறிவிட்டாய்" என்று சொல்லி அவனை அமர்த்திவிடுவது எளிது. உண்மையில் அவன் தவறவில்லை. குறை பலகையிலுள்ள வாசகத்தில் இருக்கின்றது. கண்ணாற் கண்டதை விடுத்துக் கரும்பலகையை நம்புமாறு மாணவனைப் பழக்குவது அறிவியற் கல்வியின் வேரையே அறுப்பதாகும். ஆகவே, நடுநிலையாக்கல் என்னும் வினையில் மெய்யாக நிகழ்வது யாது என்பதை ஆசிரியர் தெளிந்திருத்தல் வேண்டும். அத்தெளிவைத் தருவது இணை அமிலம், இணைக் காரம் என்னும் கருத்தாகும்.

சொற்கள் வந்த வழி

அமிலம் என்னும் சொல், புளிப்பைக் குறிக்கும் வடசொல்லின் வழியே தமிழுக்கு வந்தது. ஆங்கிலத்தில் வழங்கும் "ஆசிட்" என்பதும் புளிப்பு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்ததே. "ஆல்கலி" என்பது அரபுச் சொல். செடிகளை எரித்தெடுத்த சாம்பலைக் குறித்தது. நாவின் சுவையும் அடுப்பின் சாம்பலுமே இப்பொருள்களுக்கு முதலில் பெயர் தந்தன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் காரம் என்பதற்கு ஈடாக "மூலம்" என்னும் சொல் வழங்குகின்றது. அந்நூல்களைப் புரட்டும் ஆசிரியர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

சுவையால் பெயர் பெற்ற பொருள்களுக்கு இலக்கணம் வகுப்பது எளிதாக இருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் இலவாசியே, புளிப்புக்குக் காரணம் ஆக்ஸிஜனே என்று கருதினார். "அமிலத்தைப் பிறப்பிப்பது" என்னும் பொருள்படவே அவ்வாயுவுக்கு அவர் அப்பெயரைச் சூட்டினார். 1810-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஹம்ப்ரி டேவி, குளோரின் ஒரு தனிமம் என்று நிறுவினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜன் அறவே இல்லை என்பது அதனால் புலனாயிற்று. கொள்கை வீழ்ந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பின்னர் 1838-இல் ஜெர்மானியரான லீபிக், உலோகத்தால் இடம் பெயர்க்கப்படக்கூடிய ஹைட்ரஜனைக் கொண்டதே அமிலம் என்றார்.

சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ், 1884-இல் அளித்த ஆய்வுரையில், உப்பு முதலியவை நீரில் கரையும்போது மின்னேற்றமுள்ள அயனிகளாகப் பிரிகின்றன என்று காட்டினார். நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம் என்னும் விளக்கம் அதிலிருந்து விளைந்தது. இவ்விரண்டும் கூடி நீராவதே நடுநிலையாக்கல் என்றாயிற்று. 1903-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. கரும்பலகை வாசகம் இவருடைய கொள்கையின் சுருக்கமே.

ஆனால் அம்மோனியா இக்கொள்கைக்கு இடர் தந்தது. அதன் மூலக்கூற்றில் ஒரு நைட்ரஜனும் மூன்று ஹைட்ரஜனும் உண்டு, ஹைட்ராக்சைடு இல்லை. எனினும் அது காரமாகவே தொழிற்படுகின்றது. ஆய்வுக்கூடத்தில் அம்மோனியாப் புட்டியையும் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியையும் திறந்து அருகருகே வைத்தால், இரண்டின் ஆவியும் கலந்து வெண்புகை எழுகின்றது. அப்புகை அம்மோனியம் குளோரைடு என்னும் உப்பின் நுண்துகள்களே. அமிலம் உண்டு, காரம் உண்டு, உப்பும் உண்டு. ஆனால் அவ்வினையில் நீர் உண்டாவதே இல்லை. "உப்பும் நீரும்" என்னும் வாசகம் இங்கு என்னாவது?

1923-ஆம் ஆண்டின் புதுக் கருத்து

இவ்வினாவிற்கு விடை 1923-இல் கிடைத்தது. கோப்பன்ஹேகனில் பேராசிரியராயிருந்த பிரன்ஸ்டெட்டும், கேம்பிரிட்ஜில் பேராசிரியராயிருந்த லவுரியும், ஒருவரை ஒருவர் சாராமல், அவ்வாண்டிலேயே ஒத்த கருத்தை வெளியிட்டனர். அமிலமாவது புரோட்டானைக் கொடுப்பது. காரமாவது புரோட்டானை ஏற்பது. இவ்வளவே அக்கருத்தின் சாரம்.

புரோட்டான் என்பது ஹைட்ரஜன் அணுவின் எலெக்ட்ரான் நீங்கிய கரு. அது அணுவைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது; நேர்மின்னேற்றம் உடையது. அத்தகைய துகள் கரைசலில் தனித்து நிற்பதில்லை. தன்னை ஏற்கும் ஒன்றைப் பற்றிக்கொண்டே இருக்கும். நீரில் அது நீர் மூலக்கூற்றைப் பற்றி ஹைட்ரோனியம் அயனியாகின்றது. ஆகவே கொடுப்பார் உண்டெனில் கொள்வாரும் உண்டு.

அமிலம் தன் புரோட்டானைக் கொடுத்தபின் அதன் நிலை யாது? அசெட்டிக் அமிலம் புரோட்டானை இழந்தால் அசெட்டேட் அயனி எஞ்சுகின்றது. இழந்ததை மீண்டும் ஏற்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஏற்கும் ஆற்றலுடையது காரம் அன்றோ? எனவே அசெட்டேட், அசெட்டிக் அமிலத்தின் இணைக் காரமாகும். அவ்வாறே அம்மோனியா புரோட்டானை ஏற்று அம்மோனியம் அயனியாகின்றது. ஏற்றதை அது பிறிதொன்றுக்குக் கொடுக்கவும் கூடும். ஆதலின் அம்மோனியம், அம்மோனியாவின் இணை அமிலமாகும்.

இணை என்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல், "ஒரே நுகத்தில் பூட்டப்பட்டவை" என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று வந்தது. ஒரு நுகத்தில் பூட்டிய இரு காளைகளைப் போல் இவை என்றும் சேர்ந்தே வருவன. எந்த நடுநிலையாக்கலிலும் இத்தகைய இணைகள் இரண்டு இருக்கும். அசெட்டிக் அமிலமும் எரிசோடாவும் வினைபுரியும்போது, அசெட்டிக் அமிலமும் அசெட்டேட்டும் ஓர் இணை. நீரும் ஹைட்ராக்சைடும் மற்றோர் இணை. புரோட்டான் அமிலத்தினின்று ஹைட்ராக்சைடுக்குக் கைமாறுகின்றது. சோடியம் அயனி இவ்வினையில் பங்கு கொள்ளாது பார்த்து நிற்கின்றது.

மாணவர் இடறும் இடங்கள்

இங்கு மாணவர் பெரும்பாலும் மூன்று இடங்களில் இடறுவர். முதலாவது, வினைபுரியும் அமிலத்தையும் காரத்தையும் ஓர் இணையாகக் கருதுவது. அசெட்டிக் அமிலமும் ஹைட்ராக்சைடும் எதிரெதிர் நின்று வினைபுரிவன, அவை இணையாகா. வினைக்கு முன் ஒன்றும் வினைக்குப் பின் ஒன்றுமாக நின்று, ஒரே ஒரு புரோட்டானால் மட்டும் வேறுபடுவனவே இணையாகும்.

இரண்டாவது, ஹைட்ரோனியத்தையும் ஹைட்ராக்சைடையும் இணை என்று எழுதுவது. இவற்றிடையே இரண்டு புரோட்டான்கள் வேறுபாடு உண்டு; நடுவில் நிற்பது நீர். ஹைட்ராக்சைடின் இணை அமிலம் நீர்; ஹைட்ரோனியத்தின் இணைக் காரமும் நீர். கொடுக்கவும் கொள்ளவும் வல்லதாதலின் நீர் இருபுறமும் இடம் பெறுகின்றது.

மூன்றாவது, சல்ஃபூரிக் அமிலத்தின் இணைக் காரம் சல்ஃபேட் என்பது. அவ்வமிலத்தில் கொடுக்கக்கூடிய புரோட்டான்கள் இரண்டு. முதலாவதைக் கொடுத்தபின் எஞ்சும் ஹைட்ரஜன் சல்ஃபேட்டே அதன் இணைக் காரம். அது தன் புரோட்டானையும் கொடுத்தபின் எஞ்சுவது சல்ஃபேட்; ஆகவே சல்ஃபேட், ஹைட்ரஜன் சல்ஃபேட்டின் இணைக் காரமாகும்.

வலியவரும் மெலியவரும்

தமிழில் இணை என்னும் சொல்லுக்கு ஒப்பு என்றும் பொருள் உண்டு. அப்பொருளை இங்கே கொள்ளலாகாது. இணையிலுள்ள இரண்டும் வலிமையில் ஒத்தவையல்ல. ஒன்று வலிதாயின் மற்றது மெலிது. புரோட்டானை எளிதில் கொடுத்துவிடும் அமிலம் வலிய அமிலம். எளிதில் கொடுத்ததன் எச்சம் அதனைத் திரும்பப் பெற விழைவதில்லை. எனவே வலிய அமிலத்தின் இணைக் காரம் மிக மெலிந்தது. புரோட்டானை இறுகப் பற்றும் மெல்லமிலத்தின் எச்சமோ, வாய்ப்புக் கிடைக்கும்போது அதனை மீண்டும் கவர்ந்துகொள்ளும்.

மாணவனின் வினாவிற்கு விடை இதுவே. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் எச்சமான குளோரைடு, நீரிடமிருந்து புரோட்டானைப் பெற வலிமையற்றது. எனவே கறியுப்புக் கரைசல் நடுநிலையில் நிற்கின்றது. அசெட்டேட்டோ நீரிடமிருந்து சிறிதளவு புரோட்டானைக் கவர்கின்றது. புரோட்டானை இழந்த நீர் ஹைட்ராக்சைடாகின்றது; கரைசலில் காரத்தன்மை தலைதூக்குகின்றது. அம்மோனியம் குளோரைடில் இதற்கு மாறாக, அம்மோனியம் தன் புரோட்டானில் சிறிதை நீருக்குக் கொடுக்கின்றது. ஹைட்ரோனியம் உண்டாகிக் கரைசல் அமிலத்தன்மை பெறுகின்றது.

இவ்வேறுபாட்டை அளந்து கூறப் பி.எச். அளவு பயன்படுகின்றது. இதனை 1909-இல் வகுத்தவர் கோப்பன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சோரன்சன். 25 பாகை வெப்பத்தில் தூய நீரின் அளவு 7. அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். லிட்டருக்குப் பத்தில் ஒரு மோல் செறிவுள்ள அசெட்டிக் அமிலத்தையும் அதே செறிவுள்ள எரிசோடாவையும் சம அளவில் கலந்தால் அளவு ஏறத்தாழ 8.7-இல் நிற்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் அம்மோனியாவையும் அவ்வாறு கலந்தால் ஏறத்தாழ 5.3-இல் நிற்கும். இரண்டிலும் அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகவே தீர்ந்தன. ஆனால் நடுநிலை கிட்டவில்லை.

வெப்பமும் இதற்குச் சான்று பகர்கின்றது. ஹைட்ரோகுளோரிக் அமிலமாயினும் நைட்ரிக் அமிலமாயினும், சோடியம் ஹைட்ராக்சைடாயினும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடாயினும், ஒரு மோல் நீர் உண்டாகும்போது வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 57 கிலோஜூலே. பெயர்கள் வேறாயினும், ஹைட்ரோனியம் ஹைட்ராக்சைடுக்குப் புரோட்டானைக் கொடுக்கும் ஒரே வினையே அவை யாவற்றிலும் நிகழ்கின்றது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் அம்மோனியாவுடன் வினைபுரிந்தால் வெப்பம் ஏறத்தாழ 52 கிலோஜூலாகக் குறைகின்றது. இங்குப் புரோட்டானை ஏற்பது ஹைட்ராக்சைடைவிட மெலிந்த அம்மோனியாவாதலின் இக்குறைவு நேர்கின்றது.

பால்மரக் காட்டில் ஒரு பாடம்

மலேசியத் தமிழர் பல தலைமுறைகளாக உழைத்த பால்மரக் காடுகளில், இவ்விணைகள் நாள்தோறும் தொழிற்பட்டு வந்தன. மங்கில் வடிந்த பால், கவனியாது விடப்பட்டால் சில மணி நேரத்தில் தானே உறைந்துவிடும். அதிலுள்ள சர்க்கரை முதலியவற்றைக் கிருமிகள் சிதைத்து அமிலங்களை உண்டாக்குவது இதற்கு ஒரு காரணம். பாலை நீர்மமாகவே வைத்திருக்க வேண்டின் அம்மோனியா சேர்ப்பர். அது கிருமிகளை அடக்குவதோடு, தோன்றும் அமிலத்தின் புரோட்டான்களையும் ஏற்று அம்மோனியமாகிவிடுகின்றது. பாலை உறையச் செய்து தகடாக்க வேண்டின் நீர்த்த ஃபார்மிக் அமிலத்தைச் சேர்ப்பர். எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் பெயர் பெற்ற அமிலம் இது.

பால் உறைவது எவ்வாறு? பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்களின் மேல் புரதம் படர்ந்திருக்கின்றது. புரோட்டானை ஏற்கவல்ல எதிர்மின்னேற்றத் தொகுதிகள் அப்புரதத்தில் மிகுதி. ஒத்த ஏற்றமுடையவை ஒன்றையொன்று விலக்குமாதலின் துகள்கள் கூடாது மிதக்கின்றன. அமிலம் சேர்ந்ததும் அத்தொகுதிகள் புரோட்டானை ஏற்றுத் தம் இணை அமிலமாகின்றன, எதிர்மின்னேற்றம் குறைகின்றது. பி.எச். அளவு ஏறத்தாழ ஐந்தை அணுகும்போது துகள்களின் விலக்கம் நீங்குகின்றது. அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பால் உறைகின்றது. அமிலம் மிகையாக ஒரேயடியாய்க் கொட்டப்பட்டால், துகள்கள் நேர்மின்னேற்றம் பெற்று மீண்டும் விலகத் தொடங்குவதுமுண்டு.

முன்னரே அம்மோனியா சேர்த்த பாலை உறையவைக்கக் கூடுதலான அமிலம் தேவைப்படும். ஊற்றிய ஃபார்மிக் அமிலம் முதலில் அம்மோனியாவுக்கே தன் புரோட்டானைக் கொடுத்து ஃபார்மேட்டாகிவிடும். இவ்வினை முன்னோக்கியே செல்லும் வலிமையுடையது. அதன் சமநிலை எண் மூன்று இலட்சத்தைத் தாண்டுகின்றது. இரண்டும் சரிக்குச் சரியாகத் தீர்ந்த நிலையில் நீர்க்கரைசலின் பி.எச். அளவு ஏறத்தாழ 6.5 மட்டுமே. பால் உறைய அது போதாது. அதற்கு மேல் சேர்க்கும் அமிலமே புரதத்தின் புரோட்டான் தேவையை நிறைவு செய்யும். வேதியியல் நூலைக் காணாத தொழிலாளியும், அம்மோனியா கலந்த பாலுக்கு அமிலத்தைக் கூட்டி ஊற்றவேண்டும் என்பதை அனுபவத்தால் அறிந்திருக்கக்கூடும். அவ்வனுபவத்தின் காரணத்தைக் கூறுவது இணைகளின் கொள்கை.

நவச்சாரம் தரும் சான்று

வெண்புகையாய் எழுந்த அம்மோனியம் குளோரைடைத் தமிழ் மக்கள் நவச்சாரம் என்னும் பெயரால் நெடுங்காலமாக அறிவர். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர், பாத்திரத்தைச் சூடாக்கி அதன்மீது நவச்சாரத்தைத் தூவித் தேய்ப்பர். சூட்டில் அம்மோனியம் தன் புரோட்டானைக் குளோரைடுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றது. அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் மீண்டும் தோன்றுகின்றன. உலோகத்தின் மேற்படிந்த ஆக்சைடை அவ்வமில ஆவி நீக்கிவிடுவதால் ஈயம் நன்கு பற்றுகின்றது. சற்று மேலே குளிர்ந்த காற்றில் இரண்டும் கூடி மறுபடியும் வெண்புகையாகின்றன.

அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துவிட்டன என்பது உண்மையாயின், நவச்சாரத்தினின்று அவை மீண்டு வருவது எங்ஙனம்? அவை அழியவில்லை, இணைகளாய் உருமாறி இருந்தன. சூடு என்னும் துணை வாய்த்தபோது புரோட்டான் வந்த வழியே திரும்பியது.

மனிதனின் குருதியிலும் இத்தகைய ஓர் இணையே காவல் புரிகின்றது. கார்பானிக் அமிலமும் பைகார்பனேட்டும் அங்குச் சேர்ந்திருக்கின்றன. அமிலம் மிகுந்தால் பைகார்பனேட் அதனை ஏற்கும். காரம் மிகுந்தால் கார்பானிக் அமிலம் புரோட்டானைக் கொடுக்கும். மிகுதியான கரியமில வாயு மூச்சின் வழியே வெளியேறும். குருதியின் பி.எச். அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையே நிலைபெறுவதற்கு இது முதன்மையான துணை. இவ்வெல்லையினின்று பெரிதும் பிறழ்ந்தால் உயிருக்கே ஊறு நேரும். இணையின் இரு பக்கமும் அழியாமல் உடனிருப்பதாலேயே இக்காவல் இயலுகின்றது.

பலகையில் எழுதத் தக்கது

தொடக்க வகுப்பில் பழைய வாசகத்தை அறவே நீக்கவேண்டும் என்பதில்லை. வலிய அமிலமும் வலிய காரமும் நீரில் சேருமிடத்து அது பொருந்துவதே. ஆயினும் அதன் எல்லையை ஆசிரியர் உடன் கூறுதல் வேண்டும். மேல் வகுப்பு மாணவர்க்கு, "நடுநிலையாக்கலில் அமிலம் புரோட்டானைக் கொடுத்துத் தன் இணைக் காரமாகின்றது, காரம் அதனை ஏற்றுத் தன் இணை அமிலமாகின்றது, முடிவில் கரைசல் எத்தன்மையது என்பதை அவ்விணைகளின் வலிமை முடிவு செய்கின்றது" என்று எழுதலாம். இதனை எழுதிய பின், காடியின் அமிலத்தையும் எரிசோடாவையும் ஆசிரியரே கலந்து, லிட்மஸ் தாளை மாணவர் கையில் கொடுக்கட்டும். தாள் நீலமாகும்போது, "அளவு தவறிவிட்டதோ?" என்னும் கேள்விக்குப் பதிலாக, "நீரிடமிருந்து புரோட்டானைக் கவர்ந்தது எது?" என்னும் கேள்வி வகுப்பில் எழும்.